கடையில் கிடைக்காத படை: சிற்றுருவப் போர்விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு

பன்னிரண்டு. இந்த எண்ணை மட்டும் முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இதை வாசித்துவிட்டு நீங்கள் செய்யப்போவது பன்னிரண்டு வீரர்கள், நூறு அல்ல. நூறோடு தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் அலுமாரிகளில் வர்ணம் காணாத பிளாஸ்ரிக் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

விளையாட்டு எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசைதான் களம். சிறிய உருவங்கள் வீரர்கள். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அடிமட்டத்தால் அளக்கிறோம்; அடி விழுந்ததா, அம்பு பட்டதா என்பதைப் பகடை சொல்கிறது. சதுரங்கத்தைப் போலக் கட்டங்கள் கிடையாது. வேலி இருந்தால் மறையலாம், சேறு இருந்தால் வேகம் குறையும். ஆனால் விளையாடும் நேரத்தைவிட உருவங்களை வெட்டி ஒட்டி வர்ணம் பூசும் நேரம்தான் அதிகம். பலருக்கு அதுதான் விளையாட்டே. எனக்கும் அப்படித்தான்.

உருவங்களில் இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒன்று 28 மி.மீ. உயரத்தை ஒட்டியது. நொட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வோர்க்‌ஷொப் நிறுவனத்தின் வோர்ஹாமர் உருவங்கள் ஏறத்தாழ இந்த வகை. அழகானவை, விலையும் அதற்கேற்றது. மற்றது 1/72 அளவு. ஐந்தேமுக்கால் அடி மனிதன் இதில் ஏறத்தாழ 24 மி.மீ. உயரம் இருப்பான், சுண்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய காலாட்படைப் பெட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் வருவார்கள். கைப்பெட்டியின் மூலையில் இரண்டு மூன்று பெட்டிகளைச் செருகிவிடலாம். நமக்கு இது மிக முக்கியம். யாழ்ப்பாணத்தில் இதற்கென்று ஒரு கடையும் நான் கண்டதில்லை. எல்லாம் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் சொந்தக்காரரின் பெட்டியில்தான் வந்துசேரவேண்டும். ஆகவே 1/72 அளவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படை?

நான் முதலில் வாங்கியது இரண்டாம் உலகப் போர்ப் படை. அம்மம்மா ஒரு நாள் மேசையருகே வந்து நின்று பார்த்தார். "வீட்டுக்குள் துவக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். பொம்மைத் துவக்குத்தானே என்று நான் வாதாடவில்லை. அவர் கண்ட காலத்தை நான் அரைகுறையாகத்தான் கண்டேன். பெட்டியை மூடிவிட்டு, நானூறு ஆண்டுகள் பின்னால் போனேன்.

போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தின் மீது பலமுறை படையெடுத்தார்கள். 1560 இல் கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தினோ டி பிரகன்சா வந்தார். 1591 இல் அந்திரே ஃபுர்த்தாடோ டி மென்டொன்சா வந்தார். 1619 இல் பிலிப்பே டி ஒலிவேரா யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைக் கைப்பற்றி இரண்டாம் சங்கிலியனைச் சிறைபிடித்ததோடு அரசு முடிந்தது. அதன் பிறகும் தஞ்சாவூர் நாயக்கர் அனுப்பிய உதவிப்படை கடல் கடந்து வந்து போர்த்துக்கேயரோடு மோதியது. ஈட்டி, வில், வாள், திரித்துவக்கு எல்லாம் ஒரே மேசையில் வரும் காலம் இது. எரியும் திரியால் வெடிக்கும் திரித்துவக்கும் துவக்குத்தான். ஆனால் மழை பெய்தால் வெடிக்காது என்று சொன்னதும் அம்மம்மா விட்டுவிட்டார்.

நல்லூர் அரசனின் படை என்று எழுதிய பெட்டி எந்த நிறுவனத்திடமும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் உருமாற்றம் தேவைப்படுகிறது: இன்னொரு படையை வாங்கி, வெட்டி, ஒட்டி, நம்முடையதாக்குவது. புதியவர்கள் இதைக் கடைசிப் பாடம் என்று நினைக்கிறார்கள். நான் முதல் பாடம் என்பேன். பிழைத்துப்போன உருவத்தை வெட்டிப் பழகியவனுக்குத்தான் தூரிகை பிடிக்கும்போது கை நடுங்காது.

நான் எடுத்தது இத்தாலேரி நிறுவனத்தின் தென்னாபிரிக்கச் சூலு வீரர்கள் பெட்டி. வெறும் மேல், வெறுங்கால், கையில் ஈட்டி: வேலையில் பாதி முடிந்தது. எதிர்ப்பக்கத்துக்கு ரெவல் நிறுவனத்தின் முப்பதாண்டுப் போர்க் காலாட்படை. அந்தப் போர் ஐரோப்பாவில் தொடங்கியது 1618 இல். உடையும் ஆயுதமும் நமது காலத்துக்குப் பொருந்துகின்றன. போர்த்துக்கேயர் பக்கத்தில் லஸ்கரின்கள் என்று அழைக்கப்பட்ட உள்ளூர் வீரர்களும் போரிட்டார்கள் என்பதையும் மறவாதீர்கள். ஆகவே சூலுப் பெட்டியிலிருந்து நீங்கள் உருமாற்றும் ஆட்கள் இரண்டு பக்கமும் நிற்கலாம். செலவு மிச்சம், வரலாற்றுக்கும் பொருத்தம்.

எதைக் கேட்பது, எதை இங்கே வாங்குவது

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் கேட்கவேண்டியவை: உருவப் பெட்டிகள், கூர் நுனியுள்ள நல்ல தூரிகை இரண்டு, சிறு குப்பிகளில் வரும் நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் ஏழெட்டு. வயெகோ, ஆர்மி பெயின்ரர் போன்ற எந்தப் பெயரானாலும் சரி. ஸ்பிரே வர்ணத்தைக் கேட்காதீர்கள். தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் அதை ஏற்றமாட்டார்கள்; கொண்டுவர முயன்றவர் உங்களைத்தான் திட்டுவார். கரைப்பான் கலந்த பிளாஸ்ரிக் பசையும் அப்படியே. வெட்டும் கத்தி கேட்டால், அதைக் கைப்பையில் அல்லாமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

இங்கே வாங்கக்கூடியவை: சூப்பர் குளூ, மரவேலைக்குரிய வெள்ளைப் பசை, மெல்லிய கம்பி, குண்டூசி, 20 மி.மீ. அகல இரும்பு வாஷர், குழாய் ஒழுக்கை அடைக்க விற்கும் இருகூட்டுப் பசைக்களி. எல்லாம் இரும்புக்கடையில் உண்டு. பள்ளிப் பொருட்கள் விற்கும் கடையில் குழாய்களில் அடைத்த அக்ரிலிக் வர்ணம் இருக்கும். உருவத்துக்கு அது சற்றுத் தடிப்பு. ஆனால் மண், மரம், வேலி எல்லாவற்றுக்கும் தாராளம். மிச்சத்தை வீட்டிலேயே தேடலாம்: பழைய பற்தூரிகை, சோடா மூடிகள், யோகட் கோப்பை, தும்பு.

வெட்டுவதும் ஒட்டுவதும்

இந்தப் பெட்டிகளில் வரும் பிளாஸ்ரிக் மென்மையானது, மெழுகுபோலக் கொஞ்சம் வழுக்கும். 28 மி.மீ. பெட்டிகளில் வரும் கடினப் பிளாஸ்ரிக் வேறு இனம். அதற்குரிய பசை பிளாஸ்ரிக்கையே உருக்கி இணைத்துவிடும். மென்மையானதை அது தொடவும் செய்யாது. மண்கடதாசியும் இங்கே உதவாது. தேய்த்தால் மழமழப்பாகாமல் பஞ்சுபோலச் சிலிர்த்துக்கொள்ளும். புதுப் பிளேடு ஒன்றே வழி.

முதலில் உருவங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்ரிக் சட்டத்தோடு சேர்த்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் போட்டுப் பற்தூரிகையால் தேயுங்கள். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை போகவேண்டும். இதைத் தவறவிட்டால் கடைசியில் வர்ணம் தோல் உரிவதுபோல் உரியும். காயவைத்து, நகவெட்டியால் சட்டத்திலிருந்து பிரித்தெடுங்கள். உடலின் இரு பக்கமும் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வைத்து மாங்காய்த் தோல் சீவுவதுபோலச் சீவிவிடுங்கள். பிளேடு உங்கள் விரலை விட்டு விலகும் திசையில் போகவேண்டும். இதை எழுதும் என் இடது பெருவிரலில் அதற்கான சான்று இருக்கிறது.

இனி உருமாற்றம். ஓர் ஆளை எடுத்துக்கொண்டு முழுவதும் செய்து காட்டுகிறேன்.

தலையில் இறகு அலங்காரம் இருந்தால் அதைச் சீவி நீக்குங்கள். பசைக்களியின் இரண்டு பகுதிகளையும் சம அளவில் எடுத்துப் பிசையுங்கள். கையுறை அணிவது நல்லது. விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு தொடவே கூடாது. ஒட்டாமலிருக்க விரலில் சிறிது வசலின் தடவிக்கொள்ளுங்கள். கடுகை விடச் சற்றுப் பெரிய உருண்டை ஒன்றை எடுத்துத் தலையின் பின்பக்கம் வைத்து அழுத்தி, ஊசிமுனையால் நாலைந்து கோடு கீறினால் கொண்டை. குழாய்க்குரிய களி விரைவாக இறுகும். அதனால் பன்னிரண்டு தலைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டே பிசையத் தொடங்குங்கள்.

அடுத்தது வேட்டி. மெல்லிய ரிஷூத்தாளின் அடுக்கைப் பிரித்து ஒற்றைப் படலமாக்குங்கள். 12 மி.மீ. நீளமும் 8 மி.மீ. அகலமும் கொண்ட துண்டுகளாக வெட்டுங்கள். வெள்ளைப் பசையும் நீரும் பாதிக்குப் பாதி கலந்து இடுப்பில் தடவி, துண்டைச் சுற்றி, மேலே இன்னும் சிறிது பசைநீர் தொட்டுவிடுங்கள். தாள் ஊறிச் சரியும் அந்த அரை நிமிடத்தில்தான் வேலை இருக்கிறது. ஊசியால் மேலிருந்து கீழாக இழுத்து மடிப்பு விழவைக்கவேண்டும். ஒரு நுனியைக் கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின்னால் செருகினால் கச்சம். முழுதாகத் தொங்கவிட்டால் கோயிலுக்குப் போகிறவன்போல இருப்பான், போருக்குப் போகிறவன்போல இருக்கமாட்டான். என் முதல் ஆறு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். அம்மம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்த வேட்டியோடு இவன் எப்படி ஓடுவான்?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு பேருக்கும் தாளை உரித்துத் திரும்பக் கட்டினேன்.

சூலுக் கேடயம் நீள்வட்டமானது. நமக்கு வட்டக் கேடயம் வேண்டும். யோகட் கோப்பையின் தட்டையான பகுதியைத் தாளில் துளையிடும் கருவிக்குள் வைத்து அழுத்துங்கள். 6 மி.மீ. வட்டம் ஒன்று விழும். எழுபத்திரண்டால் பெருக்கினால் 43 சென்ரிமீற்றர் சொச்சம், கையில் பிடிக்கும் கேடயத்துக்கு அளவான விட்டம். நடுவில் பசையால் ஒரு சொட்டு விட்டால் காய்ந்ததும் குமிழாகிவிடும்.

பெட்டியோடு வரும் ஈட்டி வளைந்திருக்கும், தடிப்பாகவும் இருக்கும். அதை வெட்டிவிட்டு, கைப்பிடிக்குள் சூடான ஊசியால் துளையிட்டு, 28 மி.மீ. நீளத்துக்கு வெட்டிய குண்டூசியைச் செருகுங்கள். இரண்டு மீற்றர் ஈட்டி ஆகிவிடும். ஊசியைச் சூடாக்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. வெட்டும்போது குண்டூசித் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்லமுடியாது. துணிக்குள் வைத்து வெட்டுங்கள். வெறுங்காலோடு நடக்கும் வீடு நம்முடையது.

கை நிலையை மாற்ற ஓர் எளிய வழி உண்டு. கொதித்து இறக்கிய நீரில் அந்தக் கையை மட்டும் ஒரு நிமிடம் அமிழ்த்திப் பிடியுங்கள். இளகியதும் விரும்பியபடி வளைத்து, அப்படியே குளிர்ந்த நீருக்குள் விடுங்கள். கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், அதனால் வேண்டியதை விடச் சற்று அதிகமாக வளையுங்கள். தலையை மாற்றுவதானால் கழுத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் துளையிட்டு, கம்பித் துண்டொன்றை நடுவே நிறுத்திப் பிறகு சூப்பர் குளூ இடுங்கள். மென்மையான பிளாஸ்ரிக்கில் பசையை மட்டும் நம்பினால் தலை உருண்டுவிடும், கம்பிதான் தாங்குகிறது.

போர்த்துக்கேயரை நான் அதிகம் தொடவில்லை. சிலரின் கனத்த மேலங்கியைச் சீவி மெலிதாக்கினேன், அவ்வளவே. இந்த வெயிலில் அதை அணிந்துகொண்டு நடந்திருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

அடிப்பூச்சும் காற்றும்

வர்ணம் பிடிப்பதற்கு அடிப்பூச்சு வேண்டும். நூல்களிலும் காணொளிகளிலும் ஸ்பிரேயைத்தான் காட்டுவார்கள். அவர்கள் இருக்கும் ஊரின் காற்று வேறு. நான் ஒரு கார்த்திகை மாதத்தில், மழை விட்டிருந்த ஒரு மாலை, விறாந்தையில் இருபது பேரை வரிசையாக நிறுத்திக் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். விடிந்து பார்த்தால் இருபது பேரும் மாப்பூசியதுபோல வெளிறிப் போயிருந்தார்கள், தொட்டால் சொரசொரவென்றிருந்தது. ஈரக்காற்றில் ஸ்பிரே அப்படித்தான் பூத்துப்போகும். ஐப்பசி முதல் மார்கழி வரை, வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் நாட்களில், அதைத் தொடாதீர்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஈரம் பிரச்சினை இல்லை; ஆனால் முற்றத்துப் புழுதி முழுவதும் ஈரவர்ணத்தில் வந்து ஒட்டும்.

ஆகவே தூரிகையால் பூசுங்கள். வெள்ளைப் பசையில் அதே அளவு நீரும் சிறிது கறுப்பு அல்லது மண்ணிற அக்ரிலிக்கும் கலந்து, உருவம் முழுவதும் மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் இது ரப்பர்போல இழுபடும் தோலாக உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். வளையும் பிளாஸ்ரிக்குக்கு வளையும் பூச்சுத்தான் பொருத்தம்.

தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமது கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளைதான் மெல்லிய வர்ணம் காயும்போது கேடயத்தின் ஓரத்தில் வளையமாக நிற்கும். என் வர்ணம் கெட்டுவிட்டது என்று ஒரு குப்பியை வீசியிருக்கிறேன்; கெட்டது வர்ணமல்ல. வடிகட்டிய குடிநீரோ, பிடித்துவைத்த மழைநீரோ கலந்தால் போதும். தூரிகை கழுவக் கிணற்றுநீர் தாராளம்.

வர்ணம்

ஒவ்வோர் ஆளையும் ஒரு சோடா மூடியில் ஒரு சொட்டுப் பசையால் நிறுத்துங்கள். மூடியைப் பிடித்துக்கொண்டு பூசினால் விரல் உருவத்தில் படாது. ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு நிறத்தை ஆறு பேருக்கும் பூசி முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான், அடுத்த நிறத்துக்குப் போகலாம்.

நமது வெக்கையில் வர்ணம் தட்டிலேயே காய்ந்துபோகும். மதியச்சாப்பாட்டுப் பெட்டியின் மூடி ஒன்றில் பாத்திரம் தேய்க்கும் மெல்லிய பஞ்சை நனைத்துப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டில் விரிக்கும் தாளை வைத்து, வர்ணத்தை அந்தத் தாளின் மீது விடுங்கள். கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டே இருப்பதால் மணிக்கணக்கில் காயாது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். வியர்க்கத்தான் செய்யும்.

பதம் பசும்பால் மாதிரி இருக்கவேண்டும். ஒரு தடித்த பூச்சு முகத்தை மூடிவிடும். இரண்டு மெல்லிய பூச்சில் மூக்கும் வாயும் தெரியும். முதல் பூச்சு திட்டுத்திட்டாக இருப்பதைப் பார்த்துப் பயந்து இன்னும் அப்பவேண்டாம். தூரிகை விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் மயிரிழை போன்ற மிகச்சிறிய இலக்கத்தைத் தேடுகிறார்கள். அதில் நிற்கும் வர்ணம் உருவத்தைத் தொடுவதற்குள் உலர்ந்துவிடும். 1 ஆம் இலக்கமும் கூரான நுனியும் போதும். உலோகக் கழுத்துவரை வர்ணம் ஏறவிடாதீர்கள்.

தோல்நிறத்துக்கு வருவோம். மனிதத்தோல் என்று எழுதி விற்கும் குப்பியில் பெரும்பாலும் இருப்பது ஐரோப்பியரின் இளஞ்சிவப்பு. நமக்கு நாமே கலக்கவேண்டும். பேர்ன்ற் அம்பர் (கடுங்கபிலம்) இரண்டு பங்கு, பேர்ன்ற் சியன்னா (செங்கபிலம்) ஒரு பங்கு: இது அடிநிறம். காய்ந்ததும் கடுங்கபிலத்தை வெறுந்தேநீர் அளவுக்கு மெல்லியதாக்கி, ஒரு சொட்டு வெள்ளைப் பசை சேர்த்து உடல் முழுவதும் ஓடவிடுங்கள். அது பள்ளங்களில் தேங்கி நிழலாகும். முதுகுத் தண்டும் விலா எலும்பும் தானாகவே எழுந்து வரும். இதுதான் இந்தக் கலையில் எனக்கு இன்றுவரை சலிக்காத கணம். பிறகு அடிநிறத்தோடு யெலோ ஓக்கர் (மண்மஞ்சள்) சேர்த்து தோள், மூக்கு, முழங்கால், கன்ன எலும்பு என்று வெயில் விழும் இடங்களில் மட்டும் ஒரு தொடுதல். வெளிச்சம் காட்டுவதற்கு வெள்ளையைச் சேர்க்காதீர்கள். கறுத்த தோலில் வெள்ளை கலந்தால் சாம்பல் பூசியதுபோலாகிவிடும். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நிறம் வேண்டாம். சிலருக்கு அம்பரைக் கூட்டுங்கள், சிலருக்கு சியன்னாவை. ஊரில் எல்லோரும் ஒரே நிறமா?

வேட்டியையும் தூய வெள்ளையில் தொடங்காதீர்கள். வெண்கட்டி போலிருக்கும், மடிப்பு எதுவும் தெரியாது. வெளிறிய மண்ணிறத்தில் தொடங்கி, பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டு, மேட்டில் மட்டும் பால்வெள்ளையை இரண்டு தரம் ஏற்றுங்கள். நாலு பேருக்குச் சிவப்புக் கரை கீறினால் படைக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். கோடு கோணலாகப் போனால் வெள்ளையால் திருத்தலாம். எனக்கு எப்போதும் கோணலாகத்தான் போகும்.

வாளுக்கும் ஈட்டி முனைக்கும் முதலில் கறுப்பு. பிறகு வெள்ளி நிறத்தைத் தூரிகையில் எடுத்து, தாளில் தேய்த்துத் தேய்த்து ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டு, விளிம்புகளின் மேல் மெல்ல உரசுங்கள். இதற்கு நல்ல தூரிகையை எடுத்தால் அது அன்றோடு முடிந்தது, பழையதொன்றை ஒதுக்கிவையுங்கள். கண் வரையலாமா என்று கேட்பார்கள். 24 மி.மீ. மனிதனுக்குக் கண் வேண்டாம். கண்குழியில் நிழல் தேங்கினால் போதும். நான் வரைந்த ஓர் ஆள் இன்றைக்கும் பேயைக் கண்டவன்போல முழிக்கிறான்.

நிலமும் கொடியும் யானையும்

வாஷரின் துளையைத் தாளால் மூடி, உருவத்தை அதன்மேல் ஒட்டி, வெள்ளைப் பசை தடவி மண் தூவுங்கள். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணை அரித்துத் தூவினால் வர்ணமே தேவையில்லை, ஊரே வந்துவிடும். கடற்கரை வெண்மணல் வேண்டுமானால் மணற்காட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள், லொறி தேவையில்லை. எடுத்த மணலை நன்னீரில் மூன்று தரம் அலசிக் காயவைத்தே பயன்படுத்தவேண்டும். உப்போடு தூவினால் சில வாரங்களில் வெள்ளை பூக்கும், அடியில் வாஷர் துருவேறும். தும்பை அரைவிரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைப் பசையில் தோய்த்து நட்டுவிட்டு மேலே கத்தரித்தால் காய்ந்த புல்.

யாழ்ப்பாண அரசர்களின் சின்னம் நந்தி. அவர்களின் நாணயங்களிலும் நந்தியும் 'சேது' என்ற சொல்லும் உண்டு. மெல்லிய தாளின் இரண்டு பக்கத்திலும் நந்தியை வரைந்து, குண்டூசியில் சுற்றி ஒட்டி, பசை காய்வதற்குள் விரலால் நெளித்துவிட்டால் கொடி காற்றில் அசைவதுபோல நிற்கும். படுத்திருக்கும் மாட்டை 10 மி.மீ. இடத்தில் வரைவது நினைப்பதை விடச் சுலபம்: ஒரு கத்தரிக்காய், அதற்கு முன்னால் ஒரு சிறிய கத்தரிக்காய், இரண்டு கொம்பு.

யானை ஒன்றும் வேண்டும். வன்னிக் காடுகளில் பிடித்த யானைகள் கடல் கடந்து ஏற்றுமதியான காலம் அது. ஊர்காவற்றுறை அந்த ஏற்றுமதிக்குப் பேர்போன துறை. இலங்கை யானையின் தோளுயரம் 2.7 மீற்றர் என்று கொண்டால் 1/72 இல் 37.5 மி.மீ. ஆகும். நல்லூர்த் திருவிழாக் கடைகளில் பிள்ளைகளுக்கு விற்கும் பிளாஸ்ரிக் விலங்குகளில் அந்த உயரத்தில் ஒன்றைத் தேடுங்கள். அடிமட்டத்தைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. காதையும் கவனியுங்கள். தோள்வரை விரிந்த பெரிய காதென்றால் அது ஆபிரிக்க யானை, சீவிச் சிறிதாக்கவேண்டும்.

களத்துக்கு இரண்டு பொருள் போதும். பனைமரம்: மூங்கில் குச்சியில் தாள்நாடாவை வளையம் வளையமாகச் சுற்றித் தண்டாக்கி, விசிறிபோல மடித்து வெட்டிய தாள் ஓலைகள் பன்னிரண்டைத் தலையில் செருகுங்கள். உண்மை அளவில் செய்தால் கால் மீற்றரைத் தாண்டும், மேசையில் முழங்கை தட்டும். 15 சென்ரிமீற்றரில் நிறுத்துங்கள். கிடுகு வேலி: காய்ந்த ஓலையை 25 மி.மீ. உயரத்துக்கு நறுக்கி ஈர்க்குத் துண்டுகளுக்கிடையே ஒட்டுங்கள். இதன் பின்னால் ஒளிந்திருப்பவனை எதிரி காணமாட்டான் என்று விதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

உருவங்களைத் தகரக் கூரைக்குக் கீழேயோ வாகனத்துக்குள்ளேயோ வைக்காதீர்கள். வளைத்த கைகள் எல்லாம் வெக்கையில் இளகித் திரும்பிவிடும். பிஸ்கட் பெட்டியின் அடியில் காந்தத்தாள் ஒட்டினால் வாஷர்கள் பிடித்துக்கொள்ளும். மூடியை மறவாமல் மூடுங்கள், பல்லி மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் ஆட்டம்

விதிநூல்கள் பல உண்டு, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. முதல் நாளுக்கு அவை எதுவும் வேண்டாம். பக்கத்துக்கு ஆறு பேர். ஓர் ஆள் ஒரு முறைக்கு 15 சென்ரிமீற்றர் நடப்பான், வேலியைத் தாண்டினால் அதில் பாதி. அம்பும் துவக்கும் 30 சென்ரிமீற்றர் தூரம் பாயும். பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் பட்டது, வேலிக்குப் பின்னால் நிற்பவனுக்கு 6 மட்டும். துவக்கு வெடித்தவன் அடுத்த முறை மருந்து இடிக்கவேண்டும். நெருங்கி மோதினால் இரண்டு பேரும் பகடை உருட்டி, கூடியது வெல்லும். யானையை மேசையின் நடுவில் நிறுத்துங்கள். அதைத் தொட்டுக்கொண்டு நிற்பவன் முறைக்கு 10 சென்ரிமீற்றர் நடத்தலாம். ஊர்காவற்றுறைப் பக்க விளிம்புக்குக் கொண்டுபோனால் போர்த்துக்கேயருக்கு வெற்றி. நல்லூர்ப் பக்கம் கொண்டுபோனால் அரசனுக்கு.

எங்கள் முதல் ஆட்டத்தில் யானை எந்தப் பக்கமும் போகவில்லை. மருமகன் லஸ்கரின்களை எடுத்தான், நான் நல்லூரை எடுத்தேன். இரண்டு பேரும் மாறிமாறிப் பிடித்திழுத்ததில், அது மேசையின் நடுவிலிருந்து ஒரு சாண் தூரம்கூட நகரவில்லை. எட்டு மணிக்கு அம்மம்மா இடியப்பத் தட்டோடு வந்து, யானையை இரண்டு விரலால் தூக்கித் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாப்பிட உட்காரச் சொன்னார்.